நானூறு வருஷத்துப் பழைய 'புது' மண்டபம்

மதுரையில் ஒரு கட்டடத்துக்கு நானூறு வயது ஆகப்போகிறது. இன்னும் எல்லாரும் அதைப் 'புது' மண்டபம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் புது பஸ் ஸ்டாண்டு என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அது இடிந்து விழுகிற வரைக்கும் புது பஸ் ஸ்டாண்டுதானே, அதே கதைதான் :-)

மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே, தெருவைத் தாண்டினால் புதுமண்டபம். அதற்கும் கிழக்கே, கட்டி முடிக்காமல் பாதியில் நிற்கும் ராய கோபுரம். கோயிலுக்குப் போனவர்களில் பாதிப் பேர் புதுமண்டபத்துக்குள்ளும் போயிருப்பார்கள். ஆனால் "சிலை பார்க்கப் போனேன்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வளையல் வாங்க, ரவிக்கை தைக்கக் கொடுக்க, பித்தளைக் குத்துவிளக்கு வாங்க, பழைய பாடப் புத்தகம் தேட என்றுதான் போயிருப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அது மதுரையின் சந்தைக்கூடம். கடைகள் போய், அது மறுபடியும் மண்டபமாக ஆன கதைதான் இந்தப் பதிவு.

முதலில் கட்டியவரைப் பார்த்துவிடலாம். திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டவர். மதுரையில் பெரிதாக எதைக் காட்டினாலும் "திருமலை நாயக்கர் கட்டியது" என்று சொல்லிவிடுவது வழக்கம். இந்த மண்டபத்தைப் பொறுத்தவரை அது உண்மை. வசந்த விழா கோயிலுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. அதற்கென்று வெளியே தனியாக ஒரு மண்டபம் வேண்டும் என்று அவர் கட்டியதுதான் இது. வேலை நடந்த காலம் 1630-களை ஒட்டி. வைகாசி மாதத்து மதுரை வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். அந்த வெயிலில் சாமியைக் குளிர்ச்சியாக எழுந்தருளச் செய்ய வேண்டும். அதனால் உயரமான கல் கூரை, நடுவில் மேடை, சுற்றிலும் தண்ணீர் நிறுத்த ஓர் அகழி போன்ற அமைப்பு. மின்விசிறி இல்லாத காலத்து ஏர் கண்டிஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு வேண்டுமென்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியக் கட்டடக் கலையைப் பற்றி எழுதிய ஜேம்ஸ் பெர்குசன் கொடுத்த கணக்கு இருக்கிறது. நீளம் 333 அடி, அகலம் 105 அடி. நான்கு வரிசையாக நூற்றுக்கும் மேற்பட்ட தூண்கள். ஒரு தூணைப் போல இன்னொரு தூண் இல்லை. திருவிளையாடல் கதைகள் அங்கே கல்லில் நிற்கின்றன. கல் யானை கரும்பு தின்கிறது, பன்றிக் குட்டிகளுக்குச் சிவனே தாயாகி வந்து பால் கொடுக்கிறார், ராவணன் கயிலாயத்தைத் தூக்குகிறான், மீனாட்சிக்குக் கல்யாணம் நடக்கிறது. நடுப்பகுதித் தூண்களில் 1529-இல் தொடங்கிய விசுவநாத நாயக்கர் முதல் திருமலை நாயக்கர் வரை நாயக்க மன்னர்கள் வரிசையாகக் கைகூப்பி நிற்கிறார்கள், மனைவிகளோடு. கட்டியவர் தன் குடும்ப ஆல்பத்தையும் சேர்த்தே கட்டிவிட்டார்.

இந்தச் சிலைகளைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. அரசியின் சிலையைச் செதுக்கும்போது தொடையில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டதாம். சிற்பி பதறினார். மந்திரி நீலகண்ட தீட்சிதர் பார்த்துவிட்டு, "அது அப்படியே இருக்கட்டும், அரசிக்கு அங்கே மச்சம் இருக்க வேண்டும்" என்றாராம். சாமுத்திரிகா லட்சணப்படி சொன்னார். ராஜாவுக்கோ சந்தேகம் வந்துவிட்டது. ஆள் அனுப்பினார். விஷயம் புரிந்துகொண்ட தீட்சிதர், கற்பூர ஆரத்தியாலேயே தன் கண்களைப் பொசுக்கிக்கொண்டார் என்றும், பிறகு அம்மனைப் பாடிப் பார்வை பெற்றார் என்றும் கதை முடியும். வரலாறு என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கல்லில் ஒரு சில்லு பெயர்ந்ததற்கே இவ்வளவு பெரிய கதை பிறந்த மண்டபம் இது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வெள்ளைக்காரர்கள் இந்த மண்டபத்தைப் பார்த்து அசந்துபோனார்கள். மதுரையில் இருந்த ஆதாம் பிளாக்கேடர் என்ற அறுவை மருத்துவர் தூண் தூணாகப் படம் வரைந்து அனுப்ப, 1792-இல் லண்டனில் ஒரு ஆய்விதழில் வந்தது. 1858-இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ கேப்டன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டோவும் எடுத்துவிட்டார். ஆங்கிலத்தில் இதற்குத் 'திருமலை நாயக்கர் சத்திரம்' என்று பெயர் வைத்தார்கள். சத்திரம் இல்லை, வசந்த மண்டபம். ஆனாலும் அந்தப் பெயர்தான் உலகம் சுற்றியது.

இப்போது கடைகளுக்கு வருவோம். வணிகவியல் படிக்கிற யாருக்கும் இந்த இடம் ஒரு நல்ல பாடம்.

ஒரு கடைக்கு என்ன வேண்டும்? நிழல், தரையைவிட உயர்ந்த மேடை, பக்கத்துக் கடையிலிருந்து பிரிக்க ஓர் எல்லை, எல்லாவற்றுக்கும் மேலாக ஆள் நடமாட்டம். புதுமண்டபத்தில் நான்கும் இலவசமாகக் கிடைத்தன. இரண்டு தூணுக்கு நடுவில் ஒரு கடை. சுவர் கட்ட வேண்டாம், கூரை போட வேண்டாம். எதிரே வருஷம் முழுக்க லட்சக்கணக்கான பேர் வந்துபோகும் கோயில். விளம்பரச் செலவு பூஜ்யம். ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்புத் தூண் நட்டு, வரிசை பிரித்து, கூரை போட்டு மார்க்கெட் கட்டினார்களே, அதே அமைப்பு இங்கே சாமிக்காகக் கட்டிய கல் மண்டபத்தில் தானாகவே இருந்தது. வருஷத்தில் வசந்த விழா பத்து நாள்தான். மீதி நாளெல்லாம் காலியாகக் கிடக்கும் இடத்தில் வாடகை வரும் என்றால் நிர்வாகமும் ஏன் வேண்டாம் என்று சொல்லப்போகிறது?

அப்படியே பெருகி, கடைசியில் சுமார் 300 கடைகள். பாத்திரக் கடை, பூஜைச் சாமான், வளையல், பாசி, துணி, புத்தகம், நோட்டு. அந்தக் காலத்து மலிவு விலைப் புத்தகங்களில், கதைப்பாட்டு, நாடகப் பாட்டு என்று வந்த சின்னச் சின்ன நூல்களில், 'மதுரை, புதுமண்டபம்' என்ற முகவரியைப் பார்க்கலாம். நாயக்கர் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ்ப் பதிப்புத் தொழில் நடத்தியிருக்கிறார்கள் என்றால் யோசித்துப் பாருங்கள்.

எல்லாரையும்விடப் பேர் பெற்றவர்கள் தையற்காரர்கள். யாளியின் காலடியில் தையல் மிஷின். தூணுக்குத் தூண் மிஷின். ரவிக்கை, பாவாடை எல்லாம் அன்றாடப் பிழைப்பு. சித்திரை வந்தால்தான் அவர்களின் நிஜமான சீஸன். கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது வேண்டுதல்காரர்கள் வேஷம் கட்டிக்கொண்டு வருவார்கள். தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவர்கள், திரி எடுத்து ஆடுகிறவர்கள். அவர்கள் போடும் சல்லடம், குல்லாய், ஜிகினா வைத்த மேல்சட்டை எல்லாம் புதுமண்டபத்தில் தைத்தது. கோயில்களுக்கான குடை, தொம்பை, சாமிக்கான துணி அலங்காரங்களும் இங்கேதான். அழகருக்கு வேண்டிக்கொண்டவர்களுக்கு இந்த உடையைத் தைத்துக் கொடுத்தவர்களில் இஸ்லாமியர்களும் உண்டு. மதுரைக்காரர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வெளியூர்க்காரர்கள்தான் ஆச்சரியப்படுவார்கள்.

சைவக் கோயிலின் வசந்த மண்டபத்தில், பெருமாள் விழாவுக்கான உடையை, முஸ்லிம் தையற்காரர் தைக்கிறார். இதை யாரும் திட்டம் போட்டு உண்டாக்கவில்லை. வாடகை கொடுத்து, வியாபாரம் செய்து, தானாக உண்டானது.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். தொடையில் ஒரு சில்லு பெயர்ந்ததற்கு மந்திரி கண்ணை இழந்ததாகக் கதை சொன்ன அதே மண்டபத்தில், தூண்களில் ஆணி அடித்தார்கள். சிலைகளின் கையில் கயிறு கட்டித் துணி தொங்கவிட்டார்கள். மின்சார ஒயர் சிற்பத்தின் மேலேயே ஓடியது. இரும்புக் கம்பித் தடுப்பு, பெட்டி, தகரம், மூட்டை. உலகத்தின் மறுகோடியிலிருந்து சிற்பம் பார்க்க வந்தவர், நைட்டிகளை விலக்கிவிட்டுத்தான் ராவணனைப் பார்க்க வேண்டும். வியாபாரிகளைக் கேட்டால், "நாங்கள் இருந்ததால்தான் மண்டபம் பாழடையாமல் இருந்தது" என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை.

காலி செய்ய வேண்டும் என்ற பேச்சு ரொம்ப நாளாகவே இருந்தது. பேச்சு பேச்சாகவே இருந்திருக்கும், ஒரு ராத்திரி மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்.

2018 பிப்ரவரி 2. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள், கிழக்குக் கோபுர வாசலை ஒட்டிய வீர வசந்தராய மண்டபத்தில் இருந்த கடைகளில் இரவில் தீப்பிடித்தது. கடைகள் எரிந்தன. கடையோடு போயிருந்தால் பரவாயில்லை. கல் தூணும் உத்தரமும் சூட்டில் வெடித்து, மண்டபத்தின் ஒரு பகுதியே இடிந்து விழுந்தது. கல் எரியாது என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். எரிய வேண்டியதில்லை, ரொம்பச் சூடானாலே போதும், பிளந்துவிடும் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதன் பிறகு கோயில்களுக்குள் இருக்கும் கடைகளை அகற்ற வேண்டும் என்று நீதிமன்றமும் அரசும் இறங்கின. தமிழ்நாடு முழுக்கப் பல கோயில் வாசல்களில் கடைகள் காலியாயின. தெருவுக்கு எதிர்ப்பக்கம், துணியும் நூலும் காகிதமுமாக அடைந்து கிடந்த புதுமண்டபத்தின் மேல் எல்லார் கண்ணும் விழுந்ததில் வியப்பில்லை.

மாற்று இடம் எது? கோயிலுக்குப் பக்கத்திலேயே மாநகராட்சிக்குச் சொந்தமான குன்னத்தூர் சத்திரம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அங்கே புதிதாக வணிக வளாகம் எழுப்பினார்கள். 2021-க்குப் பிறகு புதுமண்டபத்துக் கடைகள் படிப்படியாக அங்கே போயின. சும்மா போகவில்லை. வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, யாருக்கு எந்தத் தளம் என்று இழுபறி நடந்துதான் போனார்கள்.

கணக்குப் புத்தகத்தில் 'குட்வில்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது, ஆனால் மதிப்பு உண்டு. புதுமண்டபத்துத் தையற்காரரின் குட்வில் அவருடைய கையில் பாதி, அந்த முகவரியில் மீதி. "புதுமண்டபத்துல தைச்சது" என்றால் போதும். சத்திரத்துக்கு மாறும்போது கையை எடுத்துக்கொண்டு போகலாம், முகவரியை எடுத்துக்கொண்டு போக முடியாது. அதற்கு நஷ்டஈடு என்று எந்த அரசாணையிலும் ஒரு வரி வராது. அதோடு ஒரே தரையில் பரவியிருந்த சந்தையை மாடி மாடியாக அடுக்கினால் என்ன ஆகும் என்பது எந்த ஊர் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸைப் பார்த்தாலும் தெரியும். கீழ்த்தளம் பிழைக்கும். மேலே ஏற ஏற ஆள் குறையும். கோயிலுக்கு வந்தவர் செருப்பைத் தேடிக்கொண்டு போகிற வழியில் எதிரே தெரிந்த கடையில் நுழைவது வேறு, "இரண்டாவது மாடியில் இருக்கிறதாமே" என்று தேடிப் போவது வேறு.

இதில் இன்னொரு சமாச்சாரமும் நடந்தது. இதுவரை வாடகை கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இனி மாநகராட்சிக்கு. கடைக்காரருக்கு முதலாளியே மாறிவிட்டார். காலமும் சரியில்லை. 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் சித்திரைத் திருவிழா பொதுமக்கள் கூட்டம் இல்லாமல்தான் நடந்தது. அழகர் வேஷம் கட்ட ஆளில்லை என்றால் சல்லடம் தைக்கவும் ஆர்டர் இல்லை. இரண்டு சீஸனை இழந்துவிட்டு வந்து நிற்பவரிடம்தான் புது இடத்துக்கு முன்பணம் கேட்கப்பட்டது.

வானகரம், மதுரவாயல் பக்கம் இருப்பவர்களுக்கு மார்க்கெட் இடம் மாறுவது என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஜார்ஜ் டவுன் கொத்தவால் சாவடி 1996-இல் கோயம்பேட்டுக்கு வந்தது. 2020 மே 5 அன்று கொரோனாவால் கோயம்பேடு மூடப்பட்டதும் காய்கறி திருமழிசைக்குப் போனது, பூ வானகரத்துக்கு வந்தது. மழை பெய்து திருமழிசையில் சேற்றில் மூட்டை இறக்கியதையும் பார்த்தோம். செப்டம்பர் கடைசியில்தான் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குத் திரும்பியது. அது தற்காலிகம், எல்லாரும் காத்திருந்தார்கள். புதுமண்டபத்துக்காரர்களுக்குத் திரும்பிப் போகிற தேதி என்று ஒன்று கிடையாது.

சென்னையின் மூர் மார்க்கெட்டுக்கு இந்த அளவு கூட வாய்க்கவில்லை. 1898-இல் அடிக்கல் போட்டு 1900-இல் திறந்த சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், கிராமபோன் ரெக்கார்டு, நாய்க்குட்டி, கிளி என்று கிடைக்காதது இல்லை. 1985 மே 30 அன்று எரிந்தது. அந்த இடத்தில் இன்று சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. வாசலில் மூர் மார்க்கெட்டின் பொம்மை மாடல் ஒன்று இருக்கிறது. ஆவடி லோக்கல் பிடிக்க ஓடுகிற அவசரத்தில் யாரும் நின்று பார்ப்பதில்லை. வியாபாரிகளை அல்லிக்குளம் வளாகத்துக்கு அனுப்பினார்கள். கட்டடமும் போய், சந்தையும் சிதறி, இரண்டும் இல்லாமல் போனதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

வெளிநாட்டில் வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். லண்டன் கோவென்ட் கார்டனில் காய்கறி மொத்த வியாபாரம் 1974-இல் நைன் எல்ம்ஸுக்குப் போனது. பழைய மார்க்கெட் கட்டடத்தை இடிக்காமல் 1980-இல் சின்னக் கடைகளும் தெருக் கலைஞர்களும் இருக்கும் இடமாகத் திறந்தார்கள். கோலாலம்பூர் சென்ட்ரல் மார்க்கெட் 1888-இல் தொடங்கிய மீன், இறைச்சிச் சந்தை. 1937-இல் கட்டிய கட்டடத்தை இடிக்கப் பார்த்தபோது பாரம்பரிய ஆர்வலர்கள் தடுத்தார்கள். 1986-இல் அது கைவினைப் பொருள் கடைகளும் கலை நிகழ்ச்சிகளும் உள்ள கலைச்சந்தையாக மாறியது. இரண்டு இடத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். பழைய வியாபாரிதான் போனார், வியாபாரம் என்பது போகவில்லை. கட்டடத்தின் செலவுக்குக் கட்டடமே சம்பாதித்துக்கொண்டது.

புதுமண்டபத்தில் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. காரணம், இது மார்க்கெட்டாகப் பிறந்தது இல்லை. விழாவுக்காகக் கட்டி, இடையில் மார்க்கெட்டாகி, மறுபடியும் விழாவுக்கே திரும்பியிருக்கிறது. கடைகள் இருந்த காலத்திலும் வைகாசி வசந்த விழா நிற்கவில்லை என்பதுதான் அழகு. மாலையில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெருவைக் கடந்து வருவார்கள். கடைகளுக்கு நடுவில் விழா நடக்கும். ஜனங்கள் சாமியையும் பார்ப்பார்கள், திரும்பும்போது நூல்கண்டும் வாங்குவார்கள். இப்போது மூட்டை இல்லாமல், ஒயர் இல்லாமல், நான்கு வரிசைத் தூண்களும் முழுதாகத் தெரிகிற மண்டபத்தில் நடக்கிறது. பல தலைமுறைக்குப் பிறகு நாயக்க மன்னர்கள் துணி மூட்டை மறைக்காமல் நிற்கிறார்கள்.

சிலர் "மியூசியமாக்கிவிடலாமே" என்று கேட்பார்கள். மதுரை மண்டபம் ஒன்று ஏற்கெனவே மியூசியத்தில்தான் இருக்கிறது, அமெரிக்காவில். மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த பதினாறாம் நூற்றாண்டுத் தூண்களை, ஊர் சுற்ற வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியாப் பெண் 1912-இல் விலைக்கு வாங்கிக் கப்பலில் கொண்டுபோனார். அவர் இறந்தபின் 1919-இல் குடும்பத்தார் அதை அங்குள்ள அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கும் பிலடெல்பியாவில் அந்தத் தூண்கள் தூசு தும்பு இல்லாமல் நிற்கின்றன. ஆணி இல்லை, ஒயர் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. சாமியும் வருவதில்லை.

மீதிக் கேள்வி பத்து நாள் போக மிச்சமுள்ள நாட்களைப் பற்றியது. ஓதுவார் பாட, நாதஸ்வரம் வாசிக்க, கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்து தூண்களை வரைய, அந்த இடத்தை எவ்வளவு நேரம் ஜனங்களுக்குத் திறந்து வைக்கப்போகிறார்கள்? பூட்டி வைத்துக் காப்பாற்றுவது சுலபம். சந்தையாக இருந்தபோது அழுக்காக இருந்தாலும் மதுரையின் எந்தக் குடிமகனும் எந்த நேரமும் நுழையக்கூடிய இடமாக இருந்தது. அந்த ஒன்றைக் கடைக்காரர்களோடு சேர்த்து வெளியே அனுப்பியிருக்க வேண்டியதில்லை.

கிழக்கே ராய கோபுரம் அப்படியே நிற்கிறது. ஐம்பது அடிக்கு மேல் உயரமான நிலைக்கல், கோபுரம் மட்டும் எழவில்லை. குன்னத்தூர் சத்திரத்தில் தையல் மிஷின்கள் ஓடுகின்றன. 2022-இல் சித்திரைத் திருவிழா மறுபடியும் கூட்டத்தோடு நடந்தது. அழகருக்கு நேர்ந்துகொண்டவர்களுக்குச் சல்லடம் வேண்டும், குல்லாய் வேண்டும். யாளியின் காலடியில் இல்லையென்றால், வழி கேட்டுக்கொண்டு மாடி ஏறித்தான் வாங்க வேண்டும்.